ராஜிநாமாவும் விடுதலைப் பத்திரமும்: பாராமகாலில் நிலம் தங்கிய கதை

கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர் செல்லும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வந்தால் நிலம் மூன்று விதமாகக் கண்ணில் படும். முதலாவது, பயிர் நிற்கும் நிலம். இரண்டாவது, உழாமல் விடப்பட்டுச் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கும் நிலம். மூன்றாவது, சுண்ணாம்பு பூசிய கற்கள் சீரான இடைவெளியில் நடப்பட்டு, முகப்பில் ஒரு வளைவும் 'நகர்' என்று முடியும் ஒரு பெயரும் தாங்கி நிற்கும் நிலம். கடந்த இருபது ஆண்டுகளில் மூன்றாவது வகை எப்படிப் பெருகியது என்பதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. தருமபுரி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, ஓசூர், பெங்களூர் நகரங்களின் பணம், நிலத்தைச் சேமிப்பாகக் கருதும் நடுத்தர வர்க்கம் என்று காரணங்களும் தெரிந்தவையே. நான் எழுத விரும்புவது முதல் வகையைப் பற்றி. இத்தனைக்குப் பிறகும் அந்த நிலம் எப்படி மிச்சமிருக்கிறது? இரண்டு மூன்று ஏக்கர் மட்டுமே உள்ள குடும்பங்கள், நீர்வளமில்லாத ஒரு மாவட்டத்தில், எதைப் பற்றிக்கொண்டு அதை விடாமல் வைத்திருக்கின்றன?

இதற்கு விடை தேடிப் போனால் மனைப்பிரிவுகளின் காலத்தை விட்டு வெகுதூரம் பின்னால் செல்ல வேண்டியிருக்கிறது.

தகடூர் நாட்டுக்கும் உழவுக்கும் உள்ள உறவைச் சொல்லும் பழைய சான்று புறநானூற்றின் 99ஆம் பாடல். அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்த நிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் அதில் குறிப்பிடுகிறார். ஒரு குடியின் பெருமையைச் சொல்லும்போது வென்ற போர்களோடு கொண்டுவந்த பயிரையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அதே நூலின் 35ஆம் பாடல் வேறொரு செய்தியைத் தருகிறது. வெள்ளைக்குடி நாகனார் என்னும் புலவர் சோழன் கிள்ளிவளவனைப் பாடித் தம் நிலத்தின் மீதிருந்த பழைய வரி நிலுவையை நீக்கிக்கொண்டதாக அதன் அடிக்குறிப்பு சொல்கிறது. பொன்னும் யானையும் கேட்ட புலவர்கள் நடுவே வரித் தள்ளுபடி கேட்ட ஒருவர்! நிலத்தை வைத்திருப்பது என்பது எப்போதுமே நிலத்தின் மீதுள்ள சுமையைத் தாங்குவதுதான் என்பதை நான் வகுப்பில் விளக்க நேரும்போதெல்லாம் இந்தப் பாடலைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

*

1792 மார்ச்சில் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தன் ஆட்சிப் பரப்பில் பாதியை இழந்தார். பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்காக வந்தன. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் திருப்பத்தூர்ப் பகுதியும் பாராமகாலில் அடங்கும். இதை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அனுப்பப்பட்டார். அவருக்கு உதவியாளர்கள் மூவர்: வில்லியம் மக்லியாட், ஜேம்ஸ் கிரகாம், தாமஸ் மன்றோ. நால்வருமே படையினர். வருவாய் நிர்வாகத்தில் முன்பழக்கம் குறைவு. பின்னாளில் சென்னை மாகாணத்தின் ஆளுநராகப் போகும் மன்றோ தருமபுரியில்தான் தங்கி வேலை கற்றார். 1799 வரை, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அவர் இங்கே இருந்தார். தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பிரிய மனமில்லாமல் பிரிந்தவர் அவர்.

இந்த நால்வரும் செய்தது, ஊர் ஊராகச் சென்று சங்கிலி பிடித்து நிலத்தை அளந்து, நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்று பிரித்து, ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை குறித்தது. வரியை யார் கட்டுவது என்பதுதான் அடிப்படைக் கேள்வி. வங்காளத்தில் 1793இல் கார்ன்வாலிஸ் ஜமீன்தாரைக் கைகாட்டினார். பாராமகாலில் முதலில் நீண்டகாலக் குத்தகை முறையை நினைத்த ரீட், அனுபவத்தில் அது உழவர்களிடம் எடுபடவில்லை என்று கண்டு, ஒவ்வொரு உழவரோடும் நேரடியாக ஆண்டுதோறும் கணக்கு முடிக்கும் முறைக்கு வந்து சேர்ந்தார். ரயத்துவாரி என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் முறை பிறந்த மண் இதுதான். இன்றும் ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகங்களில் நடக்கும் ஜமாபந்தி அந்த முறையின் எச்சம்.

இங்கே இரண்டு சொற்களை நினைவுபடுத்த வேண்டும். ரயத்துவாரியில் உழவர் தம்மால் பயிரிட முடியாத நிலத்தை ஆண்டு முடிவில் எழுதிக் கொடுத்து விட்டுவிடலாம். அதற்கு 'ராஜிநாமா' என்று பெயர். வேறு தரிசு நிலம் வேண்டுமென்றால் விண்ணப்பிக்கலாம். அதற்குத் 'தர்க்காஸ்து' என்று பெயர். வேலையை விடுவதற்கு இன்று நாம் பயன்படுத்தும் ராஜிநாமா என்ற சொல், கிராமத்தில் முதலில் நிலத்தை விடுவதற்கான சொல்லாகவே புழங்கியது. தர்க்காஸ்து நிலம் என்று இன்றும் ஊர்ப்பக்கம் சில வயல்களுக்குப் பெயர் உண்டு.

நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் உரிமையை ஒரு சலுகையாகவே அன்று நினைத்தார்கள் என்பது இன்றைய மனத்துக்கு விசித்திரமாகத் தோன்றும். அதன் பொருள் எளிது. அன்று நிலம் போதுமான அளவு இருந்தது. உழுவதற்கு மாடும் ஆளும்தான் குறைவு. தீர்வையோ கடுமை. மழை பொய்த்த ஆண்டில் நிலம் தரும் விளைச்சலைவிட நிலம் கேட்கும் வரி கூடுதலாகிவிடும். அப்போது நிலம் சொத்து அல்ல, சுமை. மன்றோவே 1807இல், கடப்பை, பெல்லாரிப் பகுதிகளின் ஆட்சியராக இருந்தபோது, தீர்வையை நான்கில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். ஆக, இருநூறு ஆண்டுகளுக்கு முன் சிறு உழவரிடமிருந்து நிலம் கைநழுவியதற்குக் காரணம் நிலத்தின் மதிப்பு வரியைவிடக் குறைந்ததுதான். இன்று நிலம் கைநழுவுவதற்குக் காரணம் அதன் மதிப்பு எந்தப் பயிரைவிடவும் கூடிப்போனது. இரண்டுக்கும் நடுவில் எதுவோ தலைகீழாகிவிட்டது. ஆனால் இரண்டு காலத்திலும் நிலத்தை வைத்துக்கொண்டவர்கள் கையாண்ட வழி ஏறத்தாழ ஒன்றுதான் என்பது என் எண்ணம். அந்த வழியின் பெயர் கிணறு.

*

1796 டிசம்பரில் ரீட் பாராமகால் மக்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதில் முக்கியமான ஒரு செய்தி உண்டு. உழவர் தம் சொந்தச் செலவில் கிணறு வெட்டி, புஞ்சையைத் தோட்டமாக்கி, தென்னையோ மாவோ எலுமிச்சையோ வைத்தால், கூடுதலாகக் கிடைக்கும் வருவாய் அவருக்கே உரியது. அந்த நிலத்துக்கு முன்பு குறித்த தீர்வைக்கு மேல் கேட்கப்படமாட்டாது. சர்க்கார் வெட்டிய ஏரி, கால்வாயிலிருந்து நீர் எடுத்தால்தான் கூடுதல்.

பாராமகாலுக்கு இந்த விதி எவ்வளவு பொருத்தமானது என்பது இங்குள்ளவர்களுக்குப் புரியும். காவிரி ஒகேனக்கல்லில் ஆழத்தில் ஓடுகிறது. தென்பெண்ணையும் அதில் சேரும் கம்பைநல்லூர் ஆறும் மழைக்காலத்தை நம்பியவை. தஞ்சையைப்போல் வாய்க்கால் வெட்டி விட்டால் போதும் என்ற நிலம் அல்ல இது. ஏரிக்குக் கீழே உள்ள சிறிது நஞ்சையைத் தவிர மற்றதெல்லாம் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் அவரையும் விளையும் மேட்டுநிலம். அந்த மேட்டுநிலத்தில் கடப்பாரையால் பாறையை உடைத்து இறங்கிய கிணறுகள்தான் இந்த மாவட்டத்துச் சிறு உழவரை உருவாக்கின. இரண்டு எருதுகளைப் பூட்டி, தோல்பறியில் நீர் முகந்து, சரிவான வாரியில் முன்னும் பின்னும் நடக்கும் கவலை ஏற்றம் ஒரு நாளில் நனைக்கும் பரப்பு மிகச் சிறியது. ஆனால் அந்தச் சிறு பரப்புதான் மழையில்லாத ஆண்டில் குடும்பத்தை ஊரில் நிறுத்தியது.

இன்னொன்றும் நடந்தது. கிணறு ஒருவரால் வெட்டக்கூடியதல்ல. அண்ணன் தம்பிகள், பங்காளிகள் சேர்ந்துதான் வெட்டினார்கள். பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார்கள். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. 'கிணற்றில் நாலில் ஒரு பங்கு, ஏற்றத் துறை, மாமூல் வண்டித்தடம், தண்ணீர் பாயும் வாய்க்கால் உரிமை உட்பட' என்று பழைய பத்திரங்களில் எழுதப்பட்டிருப்பதை நம்மில் பலர் வீட்டுப் பெட்டியில் பார்த்திருப்போம். முறை வைத்து நீர் பாய்ச்சினார்கள். முறையை மாற்றினால் சண்டை. சண்டை முற்றினால் கோர்ட். ஆனாலும் நால்வரில் ஒருவர் தன் நிலத்தை நினைத்தபடி வெளியாருக்கு விற்றுவிட முடியாத ஒரு பிணைப்பைக் கிணறு உண்டாக்கியிருந்தது. சட்டம் தராத பாதுகாப்பை அது சில தலைமுறைகளுக்குத் தந்தது.

*

ரீடும் மன்றோவும் 1799இல் இங்கிருந்து சென்ற பிறகு கம்பெனி மனம் மாறியது. 1802 முதல் பாராமகாலும் சேலமும் 'மிட்டா'க்களாகத் துண்டுபோடப்பட்டு ஏலம் விடப்பட்டன. வங்காளத்து ஜமீன் முறையின் சிறிய நகல் அது. ஏலம் எடுத்த மிட்டாதாரர்களில் பலர் சில ஆண்டுகளுக்குள் தவணை கட்ட முடியாமல் தவறினார்கள்; அந்த மிட்டாக்கள் மறுபடி சர்க்காரிடமே வந்து ரயத்துவாரியாயின. எஞ்சியவை 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தன. பெரிய கை எடுத்து நடத்த முடியாத நிலத்தைச் சிறிய கைகள் நடத்தின என்பதே இதில் நாம் கொள்ள வேண்டிய செய்தி. இந்த மண்ணின் வருவாய் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகிற அளவுக்கு இல்லை. வீட்டு உழைப்பைக் கணக்கில் எழுதாத குடும்பம் ஒன்றால்தான் அதில் தாக்குப்பிடிக்க முடிந்தது.

தாக்குப்பிடிக்க முடியாத காலமும் வந்தது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சமாக இருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. இறந்தவர்கள் போக, ஊரைவிட்டுச் சென்றவர்களும் ஏராளம். பஞ்சத்துக்குப் பிறகு வந்த 1883ஆம் ஆண்டின் நில மேம்பாட்டுக் கடன் சட்டம், கிணறு வெட்டத் தக்காவிக் கடன் தந்தது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவர வேண்டும் என்ற நோக்கில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் குறுகிய ரயில்பாதை போடப்பட்டு, 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941இல், அதை மூடிவிட்டார்கள்.

பஞ்சத்துக்குப் பிந்திய தலைமுறை ஒரு பாடத்தைக் கற்றது. வீட்டில் எல்லோரும் நிலத்தில் இருந்தால் நிலமும் போகும், வீடும் போகும். ஒருவர் வெளியே போக வேண்டும். அன்று கோலார் தங்கவயலுக்கும் மலைத் தோட்டங்களுக்கும் போனார்கள். இன்று பெங்களூர்க் கட்டட வேலைக்கும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். வெளியூர் வேலையை விவசாயம் அழிந்ததன் அடையாளமாகவே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். பல வீடுகளில் அது விவசாயத்தைக் காப்பாற்றும் வேலையாக இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுக்கான பணம், மோட்டார் பழுதுபார்க்கும் பணம், நகையை மீட்கும் பணம் ஆகியவை பெங்களூரிலிருந்துதான் வருகின்றன.

*

கவலை ஏற்றத்தின் இடத்துக்கு மின்மோட்டார் வந்த கதை எல்லோரும் அறிந்தது. 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களில் எழுந்த போராட்டங்களில் உயிர்கள் போயின. பிறகு 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. அதன் நன்மையும் தீமையும் ஒரே குழாயில் வந்தன. கிணறு வற்றியது, ஆழ்துளை இறங்கியது, அதுவும் வற்றியது. மாவட்டத்தின் பல ஒன்றியங்கள் நிலத்தடி நீரை ஊறுவதைவிட அதிகமாக எடுக்கும் பகுதிகள் என்று வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஆழத்திலிருந்து வந்த நீரில் புளோரைடும் சேர்ந்து வந்தது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் நிறைவேறியது.

இந்தப் பின்னணியில்தான் 2004–05இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் துல்லிய பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் 400 ஹெக்டேர். ஒருவருக்கு ஒரு ஹெக்டேர். குழித்தட்டில் நிழல்வலைக்குக் கீழ் வளர்த்த நாற்று, சொட்டுநீர்க் குழாய், அந்தக் குழாயிலேயே கரைந்து செல்லும் உரம். முதல் ஆண்டில் முழு மானியம், அடுத்த ஆண்டு 90 விழுக்காடு, மூன்றாம் ஆண்டு 80 விழுக்காடு. முழு மானியம் என்றபோதே பலர் நம்பவில்லை. இலவசமாகக் குழாய் போடுகிறவன் நாளை நிலத்தையே கேட்பான் என்ற அச்சம் இருநூறு ஆண்டு அனுபவத்தின் அச்சம். அதைக் குறை சொல்ல முடியாது.

அத்திட்டத்தின் தொழில்நுட்பத்தைப் பற்றி வேளாண் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். வரலாற்று நோக்கில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. பயனாளிகள் இருபத்தைந்து முப்பது பேர் கொண்ட குழுக்களாகச் சேர்க்கப்பட்டு, சங்கமாகப் பதிவு செய்யப்பட்டு, உரம் மருந்து வாங்குவதும் விளைச்சலுக்கு விலை பேசுவதும் சேர்ந்தே செய்தார்கள். பங்காளிக் கிணறு தளர்ந்துவிட்ட காலத்தில், உறவு சாராத ஒரு புதிய பங்காளித்தனம் அது. இரண்டு ஏக்கர்காரர் தக்காளியைத் தனியாக மண்டிக்குக் கொண்டுபோனால் மண்டிக்காரர் சொல்வது விலை. முப்பது பேராகப் போனால் பேச்சு மாறும். 1999 நவம்பர் 14இல் மதுரையில் தொடங்கிப் பிற ஊர்களுக்கும் பரவிய உழவர் சந்தையும் இதே காரியத்தை வேறு வழியில் செய்தது. இடைத்தரகர் இல்லாமல் அன்றன்று கையில் காசு என்பது, ஆண்டுக்கு ஒருமுறை வரும் மொத்தப் பணத்தைவிட, நிலத்தைக் காப்பாற்றுவதில் வலுவானது. தினம் பால், வாரம் பூவும் காய்கறியும், சில வாரங்களுக்கு ஒருமுறை பட்டுக்கூடு என்று வரவைத் துண்டு துண்டாக்கியவர்களே தாக்குப்பிடித்தார்கள். தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்கு மூட்டையோடு வருபவர்களிடம் பேசிப் பார்த்தால் இது விளங்கும். அவர்களில் மல்பெரி ஓர் ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவர்கள் அதிகமில்லை.

மரம் வைப்பது இன்னொரு வழி. ஆள் இல்லாத வீடுகள் மாவையும் தென்னையையும் நட்டுவிட்டு நகரத்துக்குப் போகின்றன. பயிர் என்ற அளவில் அது சோம்பல். நிலத்தை வைத்திருக்கும் உத்தி என்ற அளவில் அது முன்யோசனை. தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் கேட்டுத் தரகர் வருவதுபோல் காய்க்கும் தோப்பைக் கேட்டு அவ்வளவு எளிதில் வருவதில்லை. ரீடின் அறிவிப்பில் தென்னையும் மாவும் எலுமிச்சையும் இடம்பெற்றதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

*

இனி இக்காலத்துக்கு வருவோம். தமிழகத்தில் ஒரு நிலவுடைமையின் சராசரிப் பரப்பு 2010–11 வேளாண் கணக்கெடுப்பில் 0.80 ஹெக்டேர், 2015–16இல் 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த அளவு நிலத்தை அழிக்க அணை வேண்டாம், ஆலை வேண்டாம். பக்கத்து நிலம் மனையானால் போதும். வாய்க்கால் மூடப்படும், வண்டித்தடம் வேலிக்குள் போகும், மழைநீர் வடியும் வழி அடைபடும். பங்குக் கிணற்றில் ஒரு பங்கு வாங்கியவருக்கு நீர் தேவையில்லை. தூர்வாரும் செலவில் அவர் சேரமாட்டார். பயிர் செய்பவர் தன் விருப்பத்தால் அல்லாமல் பக்கத்து நிலத்துக்காரரின் விருப்பத்தால் வெளியேற்றப்படுகிறார்.

2016 செப்டம்பர் 9இல் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது. 2017 மே மாதம் வரைமுறைப்படுத்தும் விதிகள் வந்தன. நடுவில் கழிந்த சில மாதங்கள் தமிழ்நாடெங்கும் தரகர்கள் கைகட்டி நின்ற மாதங்கள். எத்தனையோ விற்பனைகள் முன்பணத்தோடு நின்றுபோயின.

அரசு நேரடியாக நிலம் கேட்டு வந்ததும் இக்காலத்தில்தான். 2018இல் அறிவிக்கப்பட்ட சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை, 277 கிலோமீட்டர் நீளத்தில், நம் மாவட்டத்தின் அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதிகளையும் கடப்பதாக இருந்தது. வயலில் அளவுக்கல் நட்டபோது பெண்கள் அதைப் பிடுங்கி எறிந்த காட்சிகள் நினைவிருக்கும். 2019 ஏப்ரல் 8இல் உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8இல் உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்கும் எண்ணத்தை அறிவிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பிறகு மேற்கொண்டு செல்லலாம் என்று கூறியது. ஆனால் நிலம் முறைப்படி எடுக்கப்படும் முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் உரிமையாளர் பெயர் மாற்றப்பட்டதை அது ஏற்கவில்லை. பட்டாவில் ஒரு பெயர் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய செய்தி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ரீட் சங்கிலி பிடித்து எழுதத் தொடங்கிய அந்தப் பெயர்ப் பட்டியல்தான் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றத்தில் உழவரின் கையிலிருந்த ஆயுதம்.

அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரயத்துவாரி 'உழுபவரோடு நேரடி உறவு' என்று சொன்னாலும் உண்மையில் அது பட்டாதாரரோடு கொண்ட உறவு. ஏர் பிடித்த பண்ணையாளுக்கு அதில் இடமில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி எப்படிக் கைமாறியது என்பது தனி வரலாறு. வாய்மொழியாகக் குத்தகை எடுத்துப் பயிர் செய்கிறவருக்கு நிலம் போனால் இழப்பீடும் இல்லை. வீட்டுக்குள் வந்தால், தமிழ்நாட்டில் 1989இலும் இந்தியா முழுவதற்கும் 2005இலும் பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு சட்டமானது. ஆனால் வழக்கத்தில் சகோதரிகள் 'விடுதலைப் பத்திரம்' எழுதிக் கொடுக்கிறார்கள். நிலம் துண்டாகாமல் தங்கியதற்குச் சிறு உழவரின் சாமர்த்தியத்தை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி, அக்கா தங்கைகள் போட்ட கையெழுத்து. அது பெண்கள் கொடுத்த ராஜிநாமா.

*

பிற இடங்களில் என்ன செய்தார்கள்? ஜப்பானில் 1974இல் நகர்ப்புற விளைநிலங்களுக்கென ஒரு சட்டம் இயற்றி, 1991இல் அதைத் திருத்தினார்கள். நகர எல்லைக்குள் உள்ள சிறு வயலை முப்பது ஆண்டுகள் பயிர் நிலமாகவே வைத்திருப்பேன் என்று உழவர் உறுதி கொடுத்தால் அவருக்குச் சொத்து வரி மனைக் கணக்கில் அல்லாமல் வயல் கணக்கில் விழும். டோக்கியோவில் அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்றும் முள்ளங்கி விளைவது இதனால்தான். கேரளம் 2008இல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, வயல்களைப் பட்டியலிட்டு, மாற்றுவதற்குத் தடை விதித்தது. புனே அருகே மகர்பட்டாவில் சுமார் 120 உழவர் குடும்பங்கள் தங்கள் 400 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை ஒன்றுசேர்த்துத் தாங்களே நகரம் கட்டிப் பங்குதாரர்கள் ஆனார்கள். அவர்களிடம் உடைமை தங்கியது, வயல் தங்கவில்லை. இந்த மூன்றில் எது நமக்குப் பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. தமிழ்நாட்டில் விளைநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 2017இன் விதிகளின்படி அனுமதியும் கட்டணமும் தேவை. கட்டணம் கட்டினால் மாற்றலாம் என்பது ஒரு கதவு. பயிராகவே வைத்திருந்தால் சலுகை என்பது வேறு கதவு. நம்மிடம் முதல் கதவு இருக்கிறது. 1796இல் ரீட் திறந்தது இரண்டாவது வகைக் கதவு என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவையும் பார்வையாளனாக நின்று எழுதுவதுபோல் எழுதிவிட்டேன். அது முழு உண்மையல்ல. கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் நிலமும் ஒரு கிணற்றில் நாலில் ஒரு பங்கும் உண்டு. அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். 2016இல் ஒரு தரகர் நல்ல விலை சொன்னபோது விற்றுவிடலாம் என்று வற்புறுத்தியவன் நான். மாதச் சம்பளம் வாங்குபவனுக்கு அது எளிய கணக்கு. அண்ணனும் ஏறத்தாழ இறங்கி வந்துவிட்டார். செப்டம்பரில் தடை வந்தது. தரகர் முன்பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்த இடைவெளியில் அண்ணன் வட்டிக்கு வாங்கிச் சொட்டுநீர்க் குழாய் போட்டார். அரை ஏக்கரில் சாமந்தி, மேட்டில் மா, இரண்டு கறவை மாடு. விதிகள் வந்த பிறகு தரகர் மறுபடி வந்தார். "இப்ப பூ இருக்குதுங்க, பூ முடியட்டும்" என்று சொல்லி அண்ணன் அனுப்பிவிட்டார். பூ இன்னும் முடியவில்லை.

அண்ணனின் உறுதியால்தான் நிலம் தங்கியது என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு பட்டா நகலுக்காக வீட்டுப் பெட்டியைத் திறந்தபோது, 1998 தேதியிட்ட விடுதலைப் பத்திரம் ஒன்று கண்ணில் பட்டது. அக்காவின் கையெழுத்து, பெருவிரல் ரேகையோடு. அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது, அன்று பதிவு அலுவலகத்தில் அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஒரு கண்ணாடித் தம்ளர் தேநீர் மட்டுமே. பத்திரத்தில் பிரதிபலன் என்ற இடத்தில் அன்பும் பாசமும் என்று எழுதியிருந்தது.

பூ விற்ற பணத்தில் நான்கில் ஒரு பங்கு இப்போது மாதாமாதம் அக்காவுக்குப் போகிறது. அண்ணன் அதை யோசனையாகச் சொன்னபோது, கிணற்றுப் பங்குக் கணக்கிலேயே சொன்னார். அது நியாயமான கணக்கா, தாமதமான கணக்கா என்று நான் கேட்கவில்லை. பட்டாவில் அவள் பெயரைச் சேர்ப்பது பற்றி இந்த ஜமாபந்திக்கு முன் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.